ஒரு பக்கத்து வியர்வை

துபாய் அல் குசைஸ் லாண்டரியில் பதினாறு வருஷம் துணி தோய்த்துத் தேய்த்த உடையப்பனுக்கு, காலர் அழுக்கைப் பார்த்தாலே யார் சட்டை என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் ராணுவத்திலேயே ஆயுளைக் கழித்த ஹார்லண்டின் காலரில் இடப்பக்கம் மட்டும்தான் அழுக்கு இருக்கும். வலக் கழுத்தில் பழைய தீக்காயம். அங்கே அவருக்கு வியர்க்காது.

2004-இல் ஈராக் போரில், பஸ்ராவில் அவர் இறந்துபோனார். அதன் பிறகும் அவர் மனைவி வாராவாரம் அவருடைய சீருடையைக் கொண்டுவந்து போட்டார். பாவம், மனசு ஆறவில்லை என்று, உடையப்பனும் தோய்த்ததையே தோய்த்துக் கொடுத்தான்.

ஒரு வியாழக்கிழமை காலர் அழுக்காக வந்தது.

"அவர் மகன் போட்டுப் பார்த்திருப்பான், அண்ணே," என்றான் கவுன்ட்டரில் இருந்த சுஐபு.

உடையப்பன் சட்டையை அவனிடம் நீட்டினான். காலரின் இடப்பக்கம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.