அந்த மெஸ்ஸுக்கு மட்டும் வேண்டாம்

இலையின் நடுவில் சோற்றைக் குவித்து, அதில் குழி பறித்து மீன் குழம்பை ஊற்றியிருந்தார்கள். அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஜவ்வாது மலையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சாமைக் கொல்லையும் புளியமரமுமாக இருந்தவள் அவள். கடல் மீனை அதுவரை கருவாடாகத்தான் பார்த்திருந்தாள். மூடிய கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னாடா இது, இப்டி இருக்குது" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை அது. அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சட்டியோடு அடுப்படியில் வைத்துச் சாப்பிடுகிறவள். மேசைக்கு எதிரே, இலை போட்டு, இன்னொருவர் பரிமாற அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அப்போது நான் சந்தவாசலில் ஒருவரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடலைப் பார்க்க வேண்டும். வேலை கொஞ்சம் நிலைத்ததும் விடுப்பு கேட்டு, பஸ் பிடித்து அவளை அந்தக் கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். தங்கி, மறுநாளும் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் பின்னால் நகர்ந்து, மறுபடியும் முன்னால் போய் நின்றாள். மதியம் பசி எடுத்தது. புது ஊரில் இறங்குகிறவனுக்கு எங்கே சாப்பிடுவது என்பதுதான் பெரிய கேள்வி. யாரோ ஒருவர் கையை நீட்டிக் காட்டுகிற திசையில் நடந்துவிடுவோம். எங்களுக்கு லாட்ஜில் இருந்தவர் கையை நீட்டினார். "இந்த ஊர்ல சாப்பாடுன்னா அந்த மெஸ்தான்" என்றார்.

மெஸ் முதலாளி வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வருகிறவர்களை அளப்பார். எங்களை அளந்துவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "ஜவ்வாது மலைங்க" என்றேன். நல்ல பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தோம். சாப்பிட ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. உள்ளே மேசை எதுவும் காலியாக இல்லை. முதலாளி எழுந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அம்மாவ கூட்டிட்டுக் கொஞ்சம் எழுந்துக்க. வெளில பெஞ்சு இருக்கு. மிச்சத்த பொட்டலமா கட்டித் தரச் சொல்றேன். ஃபேமிலி வந்து நிக்குறாங்க."

"நாங்களும் ஃபேமிலிதாங்க. சாப்ட்டு முடிச்சுடுறோம்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, மலையில தரையில ஒக்காந்துதான சாப்டுவீங்க? பெஞ்சுல ஒக்கார மாட்டியா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். குழம்பு ஊறிய சோறு அப்படியே இருந்தது. பரிமாறுகிறவர் அவள் எழுந்ததும் எழாததுமாக இலையை மடித்து எடுத்தார். அம்மா வெளியே குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். கையில் என்ன இருந்தது என்று அவ்வளவு நேரம் கழுவினாளோ. பொட்டலத்தை வாங்கவில்லை. வேறு கடைக்குக் கூப்பிட்டேன். "பசி இல்லடா. வூட்டுக்குப் போலாம்" என்றாள். மறுநாள் தங்கவில்லை. மலை ஏறும் கடைசி வளைவு வரை அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடலைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. நான் மறுபடி கூப்பிட்ட போதெல்லாம், "அதான் பாத்தாச்சே" என்று முடித்துவிடுவாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் மறக்கவில்லை.

பிறகு சொந்தமாக வேன் வாங்கினேன். அதன் பின் இன்னும் சில. படவேடு, சந்தவாசல், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வார இறுதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழியில் கோயில்களைப் பார்த்து, கடைசியில் அந்தக் கடற்கரை ஊரில் தங்கவைத்துத் திரும்புவது எங்கள் நடை. முதல் நடையில் வண்டியை நிறுத்தியதும் பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். "டிரைவரே, இங்க எங்க நல்லா சாப்பிடலாம்?" கையை நீட்டிக் காட்டுகிற இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். மெஸ்ஸுக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் புதிதாகச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார்கள். அதைக் காட்டினேன். "எதிர்ல பெரிய மெஸ் இருக்கே" என்று ஒருவர் கேட்டார். "அந்த மெஸ்ஸுக்கு மட்டும் வேணாங்க. சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள எழுப்பிடுவாங்க" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. மீன் கெட்டது என்றோ, எண்ணெய் பழையது என்றோ, சமையலறை அசிங்கம் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் மறுத்திருப்பார்கள். நான் சொன்னது உண்மையிலேயே நடந்தது. அதை மறுக்க ஆள் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு நடையிலும், மைக்கில் கோயில் வரலாறு சொல்லும் அதே குரலில் சொன்னேன். ஆட்கள் எதிர்க்கடையில் இறங்கிப் போகும்போது நான் வண்டிமேல் சாய்ந்து நின்று டீ குடிப்பேன். மெஸ் முதலாளி வாசலில் உட்கார்ந்து, இறங்குகிற கூட்டத்தைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். அந்த டீக்கு இருந்த ருசி வேறு எந்த டீக்கும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்களில் ஒருவர் என் அம்மாவைத் தன்னைப் பெற்ற தாய்போல நினைப்பவர். அவரும் அவர் கூட்டாளிகளும் வண்டியை எதிர்க்கடைக்குத் திருப்பினார்கள். வந்து போனவர்கள் போனில் கருத்து எழுதத் தொடங்கினார்கள். சாப்பிடும்போது எழுப்புகிற கடை என்று, அங்கே காலெடுத்து வைக்காதவர்கள்கூட எழுதினார்கள்.

"இன்னும் இன்னா வேணும் உனக்கு? போதும் வுடு" என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்காக நான் அதைச் செய்யவில்லை. மெஸ்ஸில் கூட்டம் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்று அந்த ஊரில் சொல்வார்கள். நல்ல சமையல்காரர் விலகிப் போனார், புதுச் சாலையில் பெரிய பெரிய ஓட்டல்கள் வந்தன என்பார்கள். அந்தக் காரணங்களைக் கேட்கவே எனக்குப் பிடிக்காது. என்னுடையதில் யாரோ பங்கு கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் மதியம் மெஸ் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சந்தவாசலில் விசாரித்து, பஸ் ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, வழி கேட்டு நடந்து வந்திருந்தார். மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் சாக்கை விரித்து, புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்று என்னைக் கூப்பிட்டார். தம்பி இல்லை, சார். "உங்க வண்டிங்க எல்லாம் எதிர்க் கடைக்கே போகுது. உங்கள பாத்து மத்தவங்களும் போறாங்க. எம்மேல இன்னா வருத்தம்னு எனக்குத் தெரியல சார். தெரிஞ்சா சரி பண்ணிக்குறேன்."

இந்த நேரத்துக்காக நான் எத்தனையோ வசனம் சேர்த்து வைத்திருந்தேன். வண்டி ஓட்டும்போது, தனியாக இருக்கும்போது, சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதில் முதல் சொல்லை எடுப்பதற்குள் அம்மா குறுக்கே பேசினாள்.

"வெயில்ல வந்திருக்காரு. மொதல்ல சாப்புடட்டும்."

அவளுக்கு ஆளைத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். வயதான கண். மதியத்தில் யார் வந்தாலும் சாப்பிடச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கம். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. உள்ளே பாய் விரித்து, இலை போட்டு, சாமைச் சோறு வைத்து, மொச்சைக்கொட்டைக் குழம்பை அவளே ஊற்றினாள். அவர் பசியில் இருந்தார். வேக வேகமாகச் சாப்பிட்டார். பாதியில் கீழே இறங்கும் பஸ் நினைவு வந்துவிட்டது. "போதும்மா, பஸ்ஸு போய்டும்" என்று கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"ஒக்காருங்க" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "மெதுவா சாப்புடுங்க. எங்க வூட்ல பாதியில எழுப்புற பழக்கம் இல்ல."

அவர் கை இலையிலேயே நின்றது. அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். வெளியே குழாயில் நான் அடைக்காமல் விட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பம்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க. கார்ல ஃபேமிலி வந்தாங்க. என்னியும் எம்புள்ளையையும் பெஞ்சுல போய் ஒக்காரச் சொன்னீங்க. தரையில ஒக்காந்துதான சாப்டுவீங்கன்னு கேட்டீங்க." அவர் உட்கார்ந்திருந்த பாயைக் காட்டி, "நாங்க இப்பவும் தரையிலதான் சாப்புடுறோம்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஞாபகம் வரலம்மா" என்றார். "அப்டி எத்தினியோ பேர எழுப்பிருக்கேன்."

என் கோபம் முழுவதும் அந்த ஒரு பதிலில் திரும்பி வந்தது. இத்தனை காலம் நான் நெஞ்சில் வைத்துக் காத்த ஒரு மதியம், அவருக்கு ஒரு மதியமாகக்கூட இல்லை. அம்மா மட்டும் அசையவில்லை. "இருக்கும்" என்று சொல்லி, இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். அதை அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். முடித்ததும் மோர் ஊற்றி மறுபடி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. அன்று அம்மா பரிமாறியதுபோல ஓர் அடியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கை கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்த்து, "வண்டி சார்..." என்று ஆரம்பித்தார். அந்த நிலையில் அவரைப் பார்க்க எனக்கு உள்ளே என்னவோ இளகியது. பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். அதற்கும் அம்மாதான் பதில் சொன்னாள்.

"வண்டி வராதுங்க. சோறு போட்டது பசிக்கு. வண்டி வேற."

பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியவர பஸ் ஏத்தி வுட்டுட்டு வா" என்றாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, "மன்னிப்பு கேக்கணும்னுதான் நெனச்சேன். அவங்க முன்னாடி வாய் வரல" என்றார். "எங்கிட்ட கேட்டு இன்னா பண்றது" என்றேன். பஸ் வளைவில் மறையும்வரை நின்றிருந்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் போன கொஞ்ச காலத்தில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு செல்போன் கடை இருக்கிறது. செய்தியைச் சொன்னபோது அம்மா, பாவம் என்று ஒரு சொல்லாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "மூடிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு எழுந்து, "அப்ப ஒருக்கா கடலுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சமீபத்தில்தான் போய் வந்தோம். அவளால் இப்போது அலையில் நிற்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்து பார்த்தாள். மதியம் அந்தக் கணவன் மனைவி கடையில் சாப்பிட்டோம். கடை இப்போது பெரிதாகிவிட்டது. அம்மா அவசரமே படவில்லை. சோறு கேட்டு வாங்கினாள், குழம்பு கேட்டு வாங்கினாள், முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காத்திருப்பவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள். செல்போன் கடையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். "ஆனா அவன் கடை கொழம்புதான் ருசி. ருசி இல்லாம இருந்திருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்டா."