றோட்டுக்குப் போன என்ர சோத்துக்கடை

சோத்துக்கடை வைச்சவளுக்கு ஊரில எல்லாரும் மாமியார்தான்: வாயில வைக்கிற வரைக்கும் பசி, வைச்ச பிறகு குறை. அடுப்படியில வெந்து ஊருக்கு ஆக்கிப்போட்ட எவருக்கும் நான் சொல்றது விளங்கும்.

என்ர கடை மட்டக்களப்பில தோணித்துறைக்குப் போற றோட்டில இருந்திச்சு. வவுணதீவில இருந்து நெல்லோட தோணியில வாறவங்க, காத்தான்குடியில இருந்து உடுக்கிற சாரம் விக்க வாறவங்க, அரசாங்கக் கச்சேரி வாசலில மனுவோட காத்துக் கிடக்கிறவங்க, எல்லாருக்கும் மத்தியானச் சோறு என்ர பானையிலதான். முப்பது வருசம்! பிறகு பஸ் ஓடத் தொடங்கிச்சு. பஸ் திரும்ப றோட்டு பத்தாதாம். கடையும் அடுப்படியும் போகவேணும், பின்னால ரெண்டு அறை மட்டும் மிஞ்சும் எண்டு சொல்லிப்போட்டாங்க. கடை போற கவலையை விட, இனி மத்தியானம் ஆனா நான் என்ன செய்யப்போறன் எண்ட பயம்தான் என்னைப் போட்டுத் திண்டிச்சு.

ஏச்சும் சோறும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைக்கிறதுக்கில்ல. ஒருநாள் வண்டிக்காரர் சின்னத்தம்பி மீன் ஆணத்தைச் சோத்தில குழைச்சு ஒரு வாய் வைச்சுப்போட்டு, "புளி கூடிப்போச்சு" எண்டார். சனம் நிறைஞ்ச நேரம். எனக்கு வந்திச்சே கோபம்! "அறுவானே, ஒழும்பு" எண்டு இலையோட தூக்கி எடுத்துப்போட்டன். இனி இந்தப் பக்கம் வந்தா அகப்பையாலதான் அடி எண்டும் சொன்னன்.

அடுத்த நாள் உலை கொதிக்க முதலே மரவாங்கில வந்து குந்தியிருக்கார் மனிசன். "வெக்கமில்லையா?" எண்டு கேட்டன். அவர் ஆறுதலாக் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

"வீட்டில ஏச்சு மட்டும்தான்கா கிடைக்கும். இஞ்சதான் ஏச்சோட சோறும் கிடைக்குது."

ஆருட கடை?

றோட்டு ஓவசியர் கடுதாசியோட வந்த நேரம் என்ர அவர் வாசலில விறகு கொத்திக்கொண்டு நிண்டார். எங்கட பக்கத்தில வீடுவளவு பொம்புளப் புள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை உடுத்த உடுப்போட பெண் வீட்டுக்கு வருவார். ஓவசியர் வெளியூர், அவருக்கு இது தெரியாது. ஆம்பிளையைக் கண்டதும், "உம்மட கடையை மூண்டு மாசத்தில காலி பண்ணித் தரவேணும்" எண்டு கடுதாசியை நீட்டினார். நெஞ்சு கொதிச்சுக்கொண்டு நிண்ட நானே என்ர மனிசன் சொன்ன மறுமொழியைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டன்:

"கடை அவட, வளவு அவட, போதாததுக்கு நானும் அவடதான். அவவிட்டக் கேளுங்க ஐயா."

சங்கிலி பிடிச்சவர்

பிறகு ரெண்டு பேர் சங்கிலியோட அளக்க வந்தாங்க. இழுத்து இழுத்துக் கடைசியில அவங்கட கோடு வந்து நிண்டது எங்க? என்ர பெரிய அடுப்புக்கு நடுவில! கையில கொதிக்கிற சொதிச்சட்டி. அப்பிடியே தலையில ஊத்தினா என்ன எண்டு இருந்திச்சு. ஆனா மத்தியான நேரம். அந்த நேரத்தில வாசலுக்குள்ள வந்த ஆளைப் பசியோட விட என்னால ஏலாது.

"இருங்க. வயிறாறத் திண்டுபோட்டு என்ர வயித்தில அடியுங்க" எண்டு ஏசி ஏசித்தான் போட்டன். அதில மூத்தவர் முருங்கைக்காய்க் கறியை ரெண்டு தரம் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடிஞ்சு முளையையும் சுத்தியலையும் எடுத்தார். அடுப்பைப் பாத்துப்போட்டுத் திரும்பக் கீழ வைச்சார்.

"இந்தச் சோத்தைத் திண்ட கையால உங்கட அடுப்பில முளையடிக்க ஏலாது அக்கா. நாளைக்கு வேற ஆளை அனுப்பச் சொல்றன்."

கடைசி வெள்ளி

அடுத்த நாள் வந்தவர் முளையை அடிச்சுப்போட்டார், அது வேற கதை.

கடை மூடுற நாள் வெள்ளிக்கிழமையில விழுந்திச்சு. வெள்ளியில என்ர அடுப்பில மீன் ஏறாது, அது ஊருக்கே தெரியும். அதால காத்தான்குடிச் சாரக்காரர் மீராசா, நான் அண்ணன் முறையில காக்கா எண்டு கூப்பிடுறவர், வெள்ளியில வாறதில்ல. மத்த நாளில மீன் ஆணம் இல்லாம அவருக்குச் சோறு இறங்காது. அண்டைக்கு அவரும் கட்டாயம் வருவார் எண்டு தெரிஞ்சு, பின் வளவில மூண்டு கல்லை வைச்சு அவருக்கெண்டு தனியா ஒரு சட்டி மீன் ஆக்கினன். சாமி குறை நினைக்காது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

ஜும்ஆ முடிஞ்சு வந்தார். மணத்திலயே விளங்கிட்டுது அவருக்கு. மீன் சட்டியைக் கையால மறிச்சுப்போட்டு, எல்லாரோடயும் வாங்கில குந்தி பருப்பையும் பூசணிக்காயையும் வழிச்சு வழிச்சுத் திண்டார். எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது.

"இத்தினை வருசமா வெள்ளியில வராம இருந்து பெரிய பிழை விட்டுட்டன் தங்கச்சி" எண்டார்.

சனிக்கிழமை மத்தியானம்

காலையில கூரையைப் பிரிச்சாங்க. மத்தியானம் ஆச்சு. பின்னறையில சும்மா கையோட இருந்து அழுதன். பயந்த நேரம் வந்திட்டுது.

அப்ப ஆரோ வாசலில கூப்பிட்டாங்க. வவுணதீவுப் பொன்னம்மாவும் புருசனும். அறுவடை நெல்லை விக்க வாற நேரமெல்லாம் என்னட்டத் திண்ட சனம். தலையில சோத்துப்பானை, கையில இறால் கறி, எருமைத் தயிர்ச் சட்டி. தோணியில ஏத்திக் கொண்டு வந்திருக்காங்க! பழக்கத்தில நான் அகப்பையை எடுத்தன். பொன்னம்மா பறிச்சுப்போட்டா. என்னை இருத்திச் சோறு போட்டா. விரல் சுட்டுது. கடை நடத்தினவளுக்குப் பானையடியில மிஞ்சின ஆறின சோறுதான் எண்டைக்கும். அந்தச் சூட்டை நான் என்னெண்டு சொல்ல! அந்தப் பிள்ளையள் நல்லா இருக்கவேணும்.

ஆனாலும் என்ர வாய் சும்மா இருக்குமா? "இறாலுக்கு இன்னும் கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம்" எண்டன்.

பொன்னம்மா இடுப்பில கையை வைச்சா. "முப்பது வருசம் நீங்க ஏசி ஏசிப் போட்டதை நாங்க வாய் திறக்காமத் திண்டம். இண்டைக்கு ஒரு நாள் நீங்க வாயை மூடிக்கொண்டு தின்னுங்ககா!"

ஊருக்கெல்லாம் சோறு போட்டவளுக்கு ஒரு நேரம் சுடுசோறு கிடைக்க ஒரு கடையே உடைய வேண்டிக் கிடந்திச்சு, பாருங்க.