பன்னிரண்டாவது படம்

நம்புகிறவர்கள் நம்பலாம். கட்டிவிட்ட கதை என்று சிரிக்கிறவர்கள் சாந்தன்பாறைப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்து சிரிக்கட்டும். 1974, மாட்டுப் பொங்கல் அன்று, பட்டப்பகலில் நடந்தது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ!

பொன்ராஜ் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவன். இரண்டு கிறுக்கு அவனுக்கு. ஒன்று, அவனுடைய பெட்டிக் கேமரா. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் நேரம் குறித்து வைப்பான். இன்னொன்று, மதுரை பூந்தென்றல் மெல்லிசைக் குழு. அதில் பாடும் இன்னாசிராஜ் என்றால் உயிர். கம்பமோ போடியோ, எங்கே கச்சேரி என்றாலும் லாரி ஏறிப் போய்விடுவான். அந்தக் குழு இப்போது அவன் எஸ்டேட்டுக்கே வருகிறது. இருட்டினால் ஆனை இறங்கும், அதனால் மத்தியானம் மூன்று மணிக்கே கச்சேரி.

"நல்லதா ஒரு படம் எடுத்துக் குடுங்க தம்பி. நோட்டீசுல போட்டு உங்க பேரையும் போட்டுருவோம்" என்று போன கச்சேரியில் இன்னாசிராஜே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பொன்ராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையில் ஒரே ஒரு பிலிம் சுருள். பன்னிரண்டு படம் விழும். எந்தப் பாட்டுக்கு எது என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

காலை 10.20. பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. வேலுத்தாயின் ஒரே மகள் முத்துப்பேச்சி காய்ச்சலில் போய்விட்டாள். பதினேழு வயது. செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு ஒரு படம் எடுத்த பிறகுதான் அங்கே பிணத்தைத் தூக்குவார்கள். இரண்டு தோட்டத்துக்கும் கேமரா வைத்திருந்தவன் பொன்ராஜ் மட்டும்தான். எந்தச் சாவு வீட்டுக்கும் முகம் சுளிக்காமல் போகிறவன், இதற்கும் போனான்.

"இதுவரைக்கும் எம் புள்ளைய ஒரு படம் புடிச்சதில்ல தம்பி" என்றாள் வேலுத்தாய். "ஒண்ணே ஒண்ணு போதும். மொகம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

கேமராவில் சுருள் மாட்டியிருக்கவில்லை. சட்டைப்பையில் இருந்தது. மாட்டி ஒன்றை எடுத்தால் மீதி பதினொன்றுதான்... பொன்ராஜ் மாட்டவில்லை. வெறும் கேமராவைக் கண்ணில் வைத்தான். "இங்க பாரும்மா" என்றுகூடப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

கிளிக்.

"எடுத்தாச்சுக்கா. பத்து நாள்ல வந்துரும்."

வேலுத்தாய் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தான் பாவி. எழுதும்போது எனக்கே கூசுகிறது.

கச்சேரி 3.05க்கு ஆரம்பித்தது. மேடைக்குக் கீழே நின்று சுருளை மாட்டினான். நாலு படம் சந்தோஷமாக எடுத்தான். இன்னாசிராஜ் அவனைப் பார்த்துத் தலையசைத்ததில் காலையில் நடந்ததுகூட மறந்துவிட்டது.

3.41. ஐந்தாவது படம். கேமராக் கண்ணாடியில் பார்த்தபோது, டிரம்ஸ்காரருக்குப் பின்னால் ஒரு நாற்காலி. யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தான். நாற்காலியே இல்லை.

பக்கத்தில் நின்ற கருத்தப்பாண்டியிடம் கேட்டான். "மேடையில நாற்காலி கெடக்கா?"

"ஏது? எல்லாரும் நின்னுக்கிட்டுல்ல பாடுறாக."

3.58. ஏழாவது படம். நாற்காலி டிரம்ஸுக்கு முன்னால் வந்திருந்தது. உட்கார்ந்திருந்தது ஒரு பெண். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி...

பொன்ராஜ் கேமராவைச் சட்டென்று இறக்கினான்.

இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கில் ஒரு சத்தம். கர்ர்ர்... மரத்தை மரத்தின் மேல் இழுக்கிற சத்தம்.

"மைக்குல என்னலே சத்தம்?" என்றான் கருத்தப்பாண்டி.

4.20. பத்தாவது. இன்னாசிராஜுக்கு ஒரு கை தூரத்தில் நாற்காலி.

கர்ர்ர்...

4.33. பதினொன்று. மேடை விளிம்பு. மாலையில் ஒவ்வொரு பூவும் தெரிந்தது.

4.44. கடைசிப் படம்.

கண்ணாடி முழுக்க முத்துப்பேச்சி.

கண் திறந்திருந்தது.

கோபம் இல்லை அந்த முகத்தில். படத்துக்கு உட்கார்ந்த முகம். அவ்வளவுதான். அசையாமல், அவனையே பார்த்துக்கொண்டு...

ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவள் கேட்டு வந்தது அதுதான். அவனுக்கும் அது தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் இன்னாசிராஜ் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

பொன்ராஜ் கேமராவை இன்னாசிராஜ் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினான்.

கிளிக்.

அந்தச் சுருளைப் போடியில் செல்லத்துரை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தான். பத்தாம் நாள் படங்களை வாங்கப் போனான். பதினொரு படத்திலும் பாட்டுக் குழுதான். நாற்காலி எதிலும் இல்லை. உயிர் வந்தது அவனுக்கு.

"இந்தக் கடைசிப் படம் யாரு எடுத்தது?" என்றார் செல்லத்துரை. "இதுல நீங்கல்ல நிக்கிறீக."

வேலுத்தாய் வீட்டுக்குள், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பொன்ராஜ். தாழ்வாக இருந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் பார்க்கிற உயரத்திலிருந்து எடுத்த படம். அவன் சட்டைப்பையில் பிரிக்காத பிலிம் சுருள். அந்தப் படம் விழுந்ததே அந்தச் சுருளில்தான்.

அன்றைக்கே போய் வேலுத்தாய் காலில் விழுந்தான். எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை என்று இன்றும் சொல்கிறான். அவள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு மூடித்தான தம்பி இருந்துச்சு அவளுக்கு?"

பொன்ராஜ் தலையை ஆட்டினான்.

"அவ கடைசியாப் பாத்ததாவது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி, மகள் படத்துக்கென்று அடித்து வைத்திருந்த ஆணியில் அதை மாட்டினாள். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினாள். கும்பிட்டு நின்றவர்களோடு பொன்ராஜும் நின்றான்.