ரீச்சரின் அந்தூரியமும் சில புளிச் சாடிகளும்

மண்ணைச் சோதிப்பது லேசான வேலை. மண்ணைக் கொண்டுவருகிறவர்களோடு கதைப்பதுதான் வில்லங்கம்.

கிளிநொச்சியில் வீதியோரமாகப் பூங்கன்றுக் கடை வைத்திருக்கிறேன். மண்ணில் குத்திப் பார்க்கிற மீற்றர் ஒன்று உண்டு. ஏழு காட்டினால் நடு. குறைந்தால் புளி. கூடினால் காரம். முதலில் அமிலம் என்றுதான் சொல்லிவந்தேன். ஒரு மனுசி அசிட் என்று நினைத்துச் சாடியைக் கீழே போட்டுவிட்டா. அன்றிலிருந்து புளிதான். சாடி வைத்திருக்கிற நீங்களும் பட்டிருப்பீர்கள். கேளுங்கள்.

வெறும் வயிறு

ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு கமக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் மனுசி. மனுசியின் மடியில் ரோசாச் சாடி. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மீற்றர் இறங்கவில்லை.

"ஈர மண்ணிலைதான் இது வேலை செய்யும். தண்ணி விடேல்லையோ?" என்றேன்.

"முந்தநாளுக்குப் பிறகு ஒண்டும் குடுக்கேல்லை அண்ணை. கிளினிக்குக்கு இவர் சீனி பாக்கப் போறமாதிரி வெறும் வயித்தோடைதான் கொண்டந்தனாங்கள்" என்றா மனுசி.

நானே தண்ணீர் விட்டு, ஊற வைத்துப் பார்த்தேன். ஏழு. ஒரு குறையும் இல்லை, கொண்டுபோங்கோ என்றேன். கமக்காரருக்கு மனம் ஆறவில்லை.

"சாப்பிட்ட பிறகும் ஒருக்காப் பாக்கிறேல்லையோ அண்ணை?"

எட்டு மாக்ஸ்

வைகாசியில் ரீச்சர் வந்தா. படிப்பித்து ஓய்ந்தவ. கையில் அந்தூரியச் சாடி. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மீற்றர் எட்டுக் காட்டியது.

"எட்டோ? பத்துக்கு எட்டு நல்ல மாக்ஸ்தானே."

"பதினாலுக்கு."

"பாதிக்கு மேலை."

காரம் என்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் காரம்தான் மண்ணிலும் சேர்ந்திருக்கிறது. அந்தூரியத்துக்குக் கொஞ்சம் புளி வேண்டும். மழைத் தண்ணீர் விடச் சொன்னேன். வைகாசியில் மழைக்கு எங்கே போவதென்று கேட்டா. கேள்வி நியாயம்தான்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. சாடி மருமகளுடையது. மகனோடு கனடாவுக்குப் போகும்போது மாமியிடம் விட்டுவிட்டுப் போனவள். ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வருகிறாள்.

"இது பட்டுப்போச்செண்டால், மாமி சாகடிச்சுப்போட்டா எண்டு கனடா முழுக்கச் சொல்லுவாள் அண்ணை."

உப்பும் கிழங்கும்

இன்னொருவர், கலியாண வீடுகளில் சமைக்கிறவர். செவ்வரத்தைச் சாடியில் நாள் தவறாமல் தேயிலைச் சக்கை கொட்டி, மண் ஐந்துக்கு இறங்கிவிட்டது. "புளி கூடிப்போச்சு, நில்லும், மருந்து தாறன்" என்று உள்ளே போனேன். வந்து பார்த்தால் ஆளில்லை.

அடுத்த கிழமை சாடியோடு திரும்பி வந்தார். மண்ணுக்கு மேல் வெள்ளை பூத்திருந்தது. கன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"என்னத்தைப் போட்டனீர்?"

"ஆனையிறவு உப்பு. குழம்பிலை புளி கூடினால் உப்புத்தானே அண்ணை."

"உப்புக் கூடித்தான் இது சாகுது."

அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாதே? அதுதான் உருளைக்கிழங்கு ஒண்டும் உள்ளுக்குத் தாட்டு வைச்சனான்."

லைம்

ஆடியில் ரீச்சர் மறுபடி வந்தா. புது இலைகள் பச்சை. மீற்றர் ஆறு காட்டியது. வானத்தில் ஒரு துளி இல்லை.

"என்ன செய்தனீங்கள் ரீச்சர்?"

"மகன் போனிலை சொன்னவன், லைம் போடச் சொல்லி. வாளித் தண்ணிக்குப் பாதி பிழிஞ்சு விடுறன்."

"எதைப் பிழிஞ்சு?"

"தேசிக்காயைத்தான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மகன் சொன்னது சுண்ணாம்பை. இங்கிலீசில் இரண்டுக்கும் ஒரே பெயர். இந்தச் சாடிக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தால் காரம் இன்னும் ஏறி அந்தூரியம் முடிந்திருக்கும். அவன் சொன்னது பிழை. இவ விளங்கிக்கொண்டதும் பிழை. கன்று பிழைத்துவிட்டது. எல்லாவற்றையும் விளக்கினேன். ரீச்சர் பொறுமையாகக் கேட்டா.

"எண்டாலும் சொன்னது என்ரை மகன்தானே."

சாட்சி

ஆவணியில் ரீச்சரும் மருமகளும் கடைக்கு வந்தார்கள், சாடியோடு. கன்றைக் காப்பாற்றியதற்கு ரீச்சர் என்னைச் சாட்சிக்குப் பிடிக்க வந்திருந்தா. பழைய மஞ்சள் இலைகளை எல்லாம் வெட்டி எறிந்தாயிற்று. பச்சை இலைக்கு நடுவில் சிவப்பாக ஒரு பூ.

மருமகள் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தான் விட்டுவிட்டுப் போகும்போதே இலை மஞ்சள் அடிக்கத் தொடங்கியிருந்ததாம்.

"அதே கண்டுதான் பிள்ளை. நான் மீற்றர் குத்திப் பாத்தனான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடைக்குள் வரிசையாக நின்ற அந்தூரியங்களைப் பார்த்தாள். பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினாள்.

"பட்டுப்போனால் பட்டுப்போச்செண்டு சொல்லியிருக்கலாமே மாமி, ஏன் இவரிட்டைப் புதுசு வாங்கி வைச்சனீங்கள்?"

சாடிக் கன்றைக் காப்பாற்றுவதென்றால் ஆள் அடையாளம் தெரிகிற அளவுக்குக் காப்பாற்றினால் போதும், இந்தத் தொழிலில் நான் படித்தது அவ்வளவுதான்.