அடித்தட்டுக் கட்டும் யோகப்பிரியாவின் நாற்காலியும்

யோகப்பிரியா எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பால் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். கேன்களில் வரும் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூடாது, அங்கே வேலை கற்றுக்கொடுத்தார்கள். காலையில் வந்த பாலை மத்தியானத்துக்கு ஒத்திப்போட்டால் திரிந்துவிடும். வந்ததை வந்தவுடன் முடிக்கிற பழக்கம் அங்கேதான் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் மேனேஜர் பெரியமுத்து, எல்லோருடைய பாலுக்கும் கொழுப்பைக் கொஞ்சம் குறைத்தே எழுதச் சொன்னார். கொழுப்பு குறைந்தால் பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும் காசும் குறையும்.

"என்னால முடியாதுங்க" என்றாள்.

மறுநாள் கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். ஆறு வருஷ வேலைக்கு, உள்ளே கிடந்த டிபன் கேரியரை மட்டும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மூன்று நாள் அழுதாள். அப்புறம் அதே ஆத்திரத்தில் பி.எஸ்.சி. என்கிற அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்தாள். மலையாளத்தில் வேலை நடக்கும் எங்கள் எல்லைப் பகுதி ஆபீஸ்களுக்கென்றே 'தமிழ் தெரிந்த கிளார்க்' என்று ஒரு வேலை உண்டு. மூன்றாவது வருஷம் அது கிடைத்தது. அவள் அப்பா சின்னையன் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். "இனி ஒக்காந்து திங்கலாம் அம்மிணி" என்றார். எனக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த ஆபீஸில் தமிழ் மனுக்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேலே 'மொழிபெயர்ப்புக்கு' என்று எழுதி, நாடா கட்டி, அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிடுவது. மொழிபெயர்க்க ஆள் கிடையாது. தமிழ் தெரிந்த கிளார்க் வந்த பிறகும், அவளுக்குக் கொடுத்த வேலை அந்தக் கட்டில் இன்னும் நாலைச் சேர்ப்பதுதான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

கட்டுக்குள் வள்ளியாத்தாளின் விதவைப் பென்ஷன் மனு பதினோரு மாசமாகக் கிடந்தது. மாசம் தவறாமல் பஸ் ஏறி வந்து, "ஏனுங் கண்ணு, நம்ம காயிதம் எந்திரிச்சுதா?" என்று கேட்பாள். யோகப்பிரியா வேலைக்கு வந்த பிறகு இரண்டாவது தடவை கேட்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டை அவிழ்த்தாள். ஒரே வாரத்தில் எல்லா மனுவுக்கும் மலையாளத்தில் குறிப்பும், அவரவருக்குத் தமிழில் பதிலும் எழுதி மேலதிகாரி ஜோமோன் மேஜையில் வைத்தாள்.

அவருக்கு வேர்த்துவிட்டது. இத்தனை நாள் ஏன் கிடந்தது என்று மேலே கேட்பார்களே! திரும்பக் கட்டி வைக்கச் சொன்னார். "புரொபேஷன் கழிஞ்ஞிட்டில்ல, மறக்கண்ட" என்றார். தகுதிகாண் காலம் முடியவில்லை, மறந்துவிடாதே என்று அர்த்தம். மிரட்டல் என்றும் அர்த்தம்.

"கட்ட மாட்டேனுங்க சார். மெமோ வேணா குடுங்க."

கொடுத்தார். அவள் தமிழில் பதில் எழுதினாள்: 'தமிழ் தெரியும் என்பதால்தான் எனக்கு இந்த வேலை. தமிழ் மனுவைக் கட்டி வைப்பதற்காக அல்ல.' ஆபீஸ் வழக்கப்படி அந்தப் பதிலும் அடித்தட்டுக்குத்தான் போக வேண்டும். மேலே அனுப்பலாம் என்றால், கூடவே அந்தக் கட்டின் கதையும் போகும். நாலு நாள் முழித்துவிட்டு ஜோமோன் எல்லா மனுவிலும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோபத்தில் அவள் புரொபேஷனை ஆறு மாசம் நீட்டவும் வைத்தார்.

மெமோவுக்குப் பதில் கொடுத்த மறுநாள் காலையில், ஆபீஸ் கேட் பக்கம் போனதும் பழைய கம்பெனி கேட் ஞாபகம் வந்ததாக என்னிடம் சொன்னாள். வாட்ச்மேன் எழுந்தான். ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே அவள் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது.

புரொபேஷன் நீண்ட சேதி வந்த அன்று சின்னையன் எங்கள் காதில் விழுகிற மாதிரியே புலம்பினார். "கெடச்ச கவருமெண்டு வேலைய ஆராச்சும் கெடுத்துக்குவாங்களா அம்மிணி?"

"கம்பெனியில முடியாதுன்னு சொன்னனுங்கப்பா, வேலை போச்சு. இங்கயும் முடியாதுன்னுதான் சொன்னேன். நாளைக்கும் பத்து மணிக்குப் போறனுங்க. ஒக்காந்து திங்கறதுக்கா இத்தன வருசம் படிச்சேன்?"