லாரி வில் வைத்த வண்டி

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத வேலை எதுவோ, அதைத்தான் முதலில் கையில் எடுப்பார். எங்கள் வில்வண்டிக்கு அவரே வில் மாற்றினாரே, அதுகூடத் தெரிந்து செய்ததில்லை. என்னை நினைத்துப் பயந்து செய்தது.

முந்திய வருஷம் என் வயிற்றில் வந்த பிள்ளை தங்காமல் போயிற்று. சந்தைக்குப் போய்வந்த வண்டியின் குலுக்கல்தான் காரணம் என்று ஊரே சொன்னது. உண்மையோ பொய்யோ, அவர் நம்பினார். மறுபடி முழுகாமல் இருந்தேன். வளைகாப்பு முடிந்து, மொரப்பூர்ப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். அப்பாவிடம் இருந்ததோ வில் இல்லாத கட்டை வண்டி. "நீங்க வர வேணாங்க மாமா, நானே கொண்டாந்து வுடறேன்" என்று இவர் சொல்லிவிட்டார். பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போவது தாய்வீட்டின் உரிமை. அம்மாவுக்கு அப்போதே சுருக்கென்றிருக்கிறது.

எங்கள் வண்டியின் வில்லும் விரிசல் விட்டிருந்தது. யுத்தகாலம், சேலம் வரை போயும் புதுசு கிடைக்கவில்லை. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியின் வில் தகடுகளை எப்படியோ கேட்டு வாங்கி வந்தார். வண்டிக்கு முட்டுக் கொடுக்க என் உரலை உருட்டிக்கொண்டு போனார். தகடுகள் கிறீச்சிடாமல் இருக்க, பிரசவத்துக்கென்று நான் காய்ச்சி வைத்திருந்த விளக்கெண்ணெயை ஊற்றினார்.

"ஏங்க, பிரசவம் எனக்கா வண்டிக்கா?"

"சும்மா இரு புள்ள. எல்லாம் உனக்குத்தான்."

மாட்டி முடித்ததும், வண்டிக்குள் ஒரு குடம் தண்ணீரை வைத்து ஊரைச் சுற்றி வந்தார். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்திவிட்டது. பழைய வில்லே தேவலை என்னும்படி தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

வேடிக்கை பார்த்த பங்காளிகள் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள். இன்னொரு சுற்று போனார்கள். இந்த முறை குடம் அசையக்கூட இல்லை. லாரிக்கென்று அடித்த வில். பாரம் ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். பிரித்து மாட்ட நேரமில்லை, மறுநாளே நல்ல நாள். பங்காளிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போக முடியுமா? கேழ்வரகு மூட்டைகளை ஏற்றினார். அவற்றுக்கு நடுவே நானும் ஒரு மூட்டை.

அலுங்காமல் போய்ச் சேர்ந்தேன். அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். மூட்டைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எம் பொண்ணுக்குக் களி கிண்டிப் போட எங்க வூட்ல ராகி இல்லைன்னா மூட்ட கட்டிக்கிட்டு வந்தீங்க, மாப்ள?"

"அது அவளுக்கில்லீங்க அத்தே. வண்டிக்குங்க."

"உங்க ஊர்ல வண்டி களி திங்குதா?"

நான் குறுக்கே புகுந்து குடம், தண்ணீர், லாரி எல்லாம் சொன்னேன். அம்மா காதில் ஏறவில்லை. ஒரு மூட்டையையும் இறக்கவிடவில்லை. என் வீட்டுக்காரர் கை நனைக்காமல் திரும்பிப் போனார். நல்லது செய்யப்போய் இப்படித் தலை குனிந்து போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நானும் பிழைத்தேன், அவளும் பிழைத்தாள்.

பிறகு எங்களை அழைத்துப்போக வந்தபோது வண்டி காலியாக இருந்தது. இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மூட்டைங்க எங்கீங்க?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு போட்டுட்டு வரலீங்க."

அம்மா உள்ளே போய், அப்பாவிடம் தன் வீட்டுக் கேழ்வரகு மூட்டைகளைத் தூக்கி வந்து அடுக்கச் சொன்னாள். ஒரு குடம் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பி, மூட்டைகளுக்கு நடுவே தானே வைத்தாள். வண்டியைக் களம் வரை ஓட்டிவரச் சொல்லிவிட்டு, தெருவிலேயே நின்றாள். வண்டி திரும்பியதும் குடத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். கையில் ஈரம் பட்டது.

"இன்னொரு மூட்ட போடுங்க."

குடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி தடவிப் பார்த்தாள், ஈரமில்லை. குடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை முந்தானையால் துடைத்து, அங்கே என் மகளைப் படுக்கவைத்தாள்.