மலையேறாத அம்மன்

எங்கள் சுரங்கக் கூலி லைன் வீடுகளில் யாருக்குமே தூக்கம் முழுசாக வாய்த்ததில்லை. ஒரு ஷிப்டு தூங்கும்போது இன்னொரு ஷிப்டு சாப்பிடும், மூன்றாவது சண்டை போடும். இதற்கு நடுவில் மில் வேறு ராப்பகலாகக் கல்லை இடித்துக்கொண்டிருக்கும். என் தாய்மாமன் ராத்திரி ஷிப்டு. காலையில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்தால், கஞ்சியை வாயில் வைக்கும்போதே கண் சொருகிவிடும். அப்படிப்பட்ட மனுஷன் பட்டப்பகலில் அம்மன் வேஷம் கட்டி ஆடினார் என்றால், அதற்கு அந்த ஜெர்மன்காரர்தான் காரணம்.

கூடாரம், பிடில், படம் பிடிக்கிற பெட்டி எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, தங்கச் சுரங்கத்து ஊரான எங்கள் ஊரிகத்துக்கு வந்திறங்கியவர் அவர். ஒற்றை ஆள். ஆனால் மேடையில் ராஜாவும் அவர்தான், திருடனும் அவர்தான், பொம்பளை வேஷமும் அவர்தான். நடுவில் பிடிலும் வாசிப்பார். கடைக்காரரிடம் தெலுங்கு, துரைகளிடம் இங்கிலீஷ், இத்தாலிக்கார ஃபோர்மேனிடம் அவன் பாஷை, எங்களிடம் கொஞ்சம் கோயில் பிரசங்கம் மாதிரியான தமிழ். அது வாயா சந்தையா என்று என் அம்மா கேட்பாள். பேசி முடித்ததும் மட்டும் அந்த முகம் அப்படியே தொங்கிப்போகும்.

எங்கள் ஆட்கள் வடாற்காட்டிலிருந்து மூட்டையோடு கூத்தையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார் ஜெர்மன்காரர். அவர் பெட்டிக்கு வெயில் வேண்டுமாம். ராத்திரிக் கூத்தைப் பகலில் ஆடுவதா என்று பெரியவர்கள் முனகினார்கள். மாமாவுக்கோ ஆசை விடவில்லை.

"நம்மள நாலு ஊரு பாக்கட்டுமே, இன்னா கெட்டுப்போச்சு?" என்றார்.

மில் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த சைனைட் மேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கூத்து. மாமா ஷிப்டு முடிந்து தூங்காமலே அரிதாரம் பூசிக்கொண்டு வந்தார். அசுரனைப் பார்த்து முடியை அவிழ்த்து உதறினார். ஜெர்மன்காரர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"போதும் ஐயா. பட நாடா தீர்ந்துபோயிற்று."

அவருக்குப் போதும், எங்களுக்கு எப்படிப் போதும்? அம்மன் வேஷக்காரர் முடியை அவிழ்த்தால் பாதியில் நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அசுரனைக் கொன்று, சூடம் காட்டி, மஞ்சத்தண்ணியைத் தலையில் ஊற்றி, முடியை முடிந்த பிறகுதான் அம்மன் மலையேறுவாள். ஆடினவர் மறுபடி மனுஷர் ஆவார். அதுவரை பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது, வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மீறினால் அந்த உக்கிரம் அவர் மேலேயே தங்கிக் குடும்பத்தைத் தின்னும் என்பார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்துச் சங்கு ஊதியது. அசுரன் வேஷக்காரர் மத்தியான ஷிப்டு. கிரீடத்தை மத்தளக்காரர் மடியில் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். அவிழ்ந்த முடியோடு மாமா வெயிலில் நின்றார். என் அம்மா தன் தம்பியைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். ஜெர்மன்காரர் அவளிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அழாதேயுங்கள் அம்மா. நான் சாகிறேன்."

எந்தெந்தப் பாஷையிலோ கர்ஜித்தார். முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நன்றாகவே செத்தார். மாமா மேல் தண்ணி ஊற்றி முடியை முடிந்தார்கள். அவர் ஒரு சொம்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு அங்கேயே மண்ணில் படுத்துத் தூங்கினார்.

அடுத்த வருஷம் ஜெர்மன்காரர் அந்தப் படத்தோடு திரும்பி வந்தார். சாயங்காலம் கூடாரம் நிரம்பி வழிந்தது. திரையாகக் கட்டியிருந்த துணியில் மாமா குதித்தார், முடியை அவிழ்த்தார், உதறினார். அதோடு துணி வெறும் வெள்ளையாகிவிட்டது. ஒரே விசில். நான் கை வலிக்கத் தட்டினேன். மாமா எழுந்தார்.

"தண்ணி ஊத்தறது எங்க?"

"அது இல்லை ஐயா. நாடா அவ்வளவுதான்."

"எத்தினி ஊர்ல காட்னீங்க?"

மதராஸ், பெங்களூர், பம்பாய் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தைக்கு அப்போது நிறைமாசம்.

"அத்தினி ஊர்லயும் அவுத்த முடியோட அவள நிக்க வுட்டுட்டு வந்துட்டீங்களே. எம் புள்ள பொறக்கற நேரங்க இது."

வேறு துரையாக இருந்தால் சிரித்திருப்பான். இவர் சிரிக்கவில்லை. இனி ஒவ்வொரு ஊரிலும் படம் முடிந்ததும் தானே ஊற்றுவதாகச் சொன்னார். அம்மா ஓடிப்போய் மஞ்சத்தண்ணிக் குடத்தோடு வந்தாள். மாமா சூடம் ஏற்றி, அந்தத் துணியின் மேல் தண்ணியை ஊற்றினார். அவர் மூச்சு அப்புறம்தான் சீரானது.

குடத்தில் பாதி மிச்சம் இருந்தது. ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஊற்றுங்கள் ஐயா. சிறுவயதில் வீட்டை விட்டபோது கட்டின வேஷம். இதுவரை ஒருவரும் ஊற்றவில்லை."

மாமா குடத்தைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினார். வெள்ளைக் கோட்டு முழுக்க மஞ்சளாக ஒழுகியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள். மாமா தன் துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டார். ஜெர்மன்காரர் கண்ணை மூடிக்கொண்டு, நாங்கள் கேட்டே இராத ஒரு பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார்.

அது என்ன பாஷை என்று வீட்டுக்குப் போகும்போது மாமாவைக் கேட்டேன்.

"அவங்க வூட்டு பாஷையா இருக்கும்" என்றார்.

இத்தனை பாஷை வைத்திருக்கிறவருக்கு அது ஒன்று எதற்கு என்று நினைத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் ஓடினேன்.